குடும்பத்துக்கு இடம் இல்லாத விசாக்கள்



இன்று நம் பங்குகளில் நடைபெறும் திருமணங்கள் பலவற்றில் மணமகனோ மணமகளோ வெளிநாட்டில் வேலை செய்பவராக இருக்கிறார். முப்பது அல்லது நாற்பது நாள் விடுப்பில் வருகிறார். ஓலை வாசிக்கப்படுகிறது. திருமணம் முடிந்து விருந்துகள் ஓய்வதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடுகிறது. "போய்ச் சேர்ந்ததும் ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்ற வாக்குறுதியோடு பிரிகிறார்கள். சிலருக்கு அந்த ஆறு மாதம் ஆறு மாதமாகவே முடிகிறது. பலருக்கு அது ஆறு ஆண்டாக நீள்கிறது. சிலருக்கு அந்த நாள் வருவதே இல்லை.

இந்தப் பிரிவுக்குப் பெரும்பாலும் அன்புக் குறைவு காரணம் அல்ல. வேலைக்குக் கிடைத்த விசாவில் குடும்பத்துக்கு இடம் இல்லை என்பதே காரணம். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அந்த நாளிலேயே, கணவனும் மனைவியும் எப்போது சேர்ந்து வாழ்வார்கள் என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஆனால் அந்த நாளில் நாம் கேட்பது "சம்பளம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்விதான். "துணைவர் எப்போது வரலாம்?" என்று கேட்பவர் மிகச் சிலரே. கடந்த சில ஆண்டுகளில் பல நாடுகள் இந்த விதிகளை இறுக்கியிருப்பதால், இதைப் பற்றிச் சிந்திப்பது இன்று அவசியமாகிறது.

சம்பளத்தால் எழுப்பிய சுவர்

முதலில், நம் மக்கள் மிகுதியாகச் செல்லும் வளைகுடா நாடுகளைப் பார்ப்போம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹாம் சம்பளமும் தங்குமிடமும் வேண்டும். இன்னின்ன வேலை பார்ப்பவர்தான் குடும்பத்தை அழைக்கலாம் என்று முன்பு இருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டு, வருமானமே அளவுகோல் ஆனது. குவைத் நாடு 2024 ஜனவரியில் குடும்ப விசாவை மீண்டும் திறந்தபோது கேட்ட சம்பளம் 800 தினார். கட்டடத் தொழிலாளியோ, ஓட்டுநரோ, துப்புரவுப் பணியாளரோ எட்ட முடியாத உயரம் அது.

சவூதி அரேபியா வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டது. 2017 ஜூலையில், உடன் தங்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று ஒரு கட்டணத்தை விதித்தது. அது ஆண்டுக்கு 100 ரியாலாக ஏறி 2020-இல் 400 ரியால் ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தால், ஆண்டுக்கு 14,400 ரியால். சேர்ந்து வாழ்வதற்கு மட்டும் செலுத்தும் தொகை இது. இந்தக் கட்டணம் வந்தபின் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியறைக்குத் திரும்பியவர்கள் அநேகர்.

குமரி, தூத்துக்குடி கடலோர ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கச் செல்லும் நம் சகோதரர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களுக்குப் படகே வேலையிடம். பெரும்பாலும் படகே வீடு. குடும்ப விசா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

சிங்கப்பூரிலும் இப்படியே. வொர்க் பெர்மிட்டில் செல்லும் தொழிலாளர் துணைவரை அழைத்துக்கொள்ள வழியே கிடையாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது வாங்கினால்தான் மனைவிக்கோ கணவருக்கோ டிபென்டன்ட் பாஸ் கேட்கலாம். அப்படிச் சென்றாலும், 2021 மே முதல், அந்தத் துணைவர் வேலை செய்யத் தமக்கென்று தனியாக ஒரு வேலை அனுமதி பெற வேண்டும்.

மாறிவிட்ட மேற்கு

வளைகுடாவை விட்டு இங்கிலாந்து, கனடா என்று நம் இளைஞர்கள் திரும்பியதற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே குடும்பமாகப் போகலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பெரும்பகுதி இப்போது தகர்ந்துவிட்டது.

இங்கிலாந்தில் முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் வேலைக்கு 2022 முதல் ஆயிரக்கணக்கானோர் சென்றார்கள். 2023 செப்டம்பர் வரையிலான ஓராண்டில் இவ்வேலைக்குச் சென்ற ஏறத்தாழ 1,00,000 பேருடன் 1,20,000 குடும்பத்தினரும் வந்ததாக அந்நாட்டு அரசு கணக்குச் சொன்னது. அதைக் காரணம் காட்டி, 2024 மார்ச் 11 முதல் புதிதாக இவ்வேலைக்கு வருபவர்கள் துணைவரையோ பிள்ளைகளையோ அழைத்துவரக் கூடாது என்று தடை விதித்தது. 2025 ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து இவ்வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. மாணவர்கள் நிலையும் மாறியது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றுக்குச் செல்பவர்களைத் தவிர, மற்ற மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது.

அங்கேயே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவர் இங்கு வந்து திருமணம் செய்தாலும் கதவு தானாகத் திறப்பதில்லை. துணைவரை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் போதும் என்று 2012 முதல் இருந்தது, 2024 ஏப்ரல் 11-இல் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

கனடாவில், 2025 ஜனவரி 21 முதல், எல்லா மாணவர்களின் துணைவருக்கும் எல்லாப் பணியாளரின் துணைவருக்கும் வேலை அனுமதி கிடைப்பதில்லை. 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலைப் படிப்பு, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழில்கல்விப் படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவரின் துணைவருக்கே அது உண்டு. பணியாளரிலும், உயர்நிலைத் திறன் தேவைப்படும் வேலைகளிலும் குறிப்பிட்ட வேறு சில வேலைகளிலும் இருப்பவர்களின் துணைவருக்கே உண்டு. ஒருவர் படிக்க, மற்றவர் சம்பாதித்துக் கடனை அடைப்பது என்று திட்டமிட்டுச் சென்ற குடும்பங்களுக்கு இது பேரிடி.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைவர் எச்-4 விசாவில் உடன் செல்லலாம். ஆனால் அவர் வேலை செய்ய முடியாது. கணவரோ மனைவியோ கிரீன் கார்டு பெறும் வழியில் குறிப்பிட்ட ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகே, 2015-இல் வந்த விதிப்படி அவர் வேலை அனுமதி கேட்கலாம். நன்கு படித்த நம் பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தது இதனால்தான்.

திறந்திருக்கும் வாசல்களும் இருக்கின்றன. இங்கிலாந்துக்குப் பதிவுபெற்ற செவிலியராகச் செல்பவர் கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம்; கணவர் அங்கு வேலையும் செய்யலாம். ஜெர்மனியில் ப்ளூ கார்டு பெற்றவரின் துணைவரும் அப்படியே. மற்றப் பல துணைவர்களிடம் கேட்கப்படும் தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வுகூட அவர்களிடம் கேட்கப்படுவதில்லை. ஆக, படிப்பும் சம்பளமும் உயர உயரக் குடும்ப வாழ்வும் கிடைக்கிறது. அவை குறையக் குறையக் குடும்பம் மறுக்கப்படுகிறது. உலகெங்கும் இன்று நடைமுறையில் உள்ள விதியைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

பார்வோன் அனுப்பிய வண்டிகள்

இதைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது? அரசுகளுக்கு ஒரு நியாயமும் இல்லை என்று நாம் சொல்லக் கூடாது. வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகள் இவற்றின் கொள்ளளவைப் பார்த்துத்தான் எந்த அரசும் முடிவெடுக்க வேண்டியுள்ளது. வளமான நாடுகள் தங்களால் இயன்ற அளவு அந்நியரை வரவேற்கக் கடமைப்பட்டவை என்று கூறும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2241), பொதுநலனுக்காக அரசு அதற்குச் சில நிபந்தனைகள் விதிக்கலாம் என்பதையும் அதே இடத்தில் ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் நிபந்தனை விதிப்பது வேறு, உழைப்பை மட்டும் பெற்றுக்கொண்டு உழைப்பவரின் குடும்பத்தை மறுப்பது வேறு. திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1952-இல் வெளியிட்ட 'எக்சுல் ஃபமிலியா' என்ற ஏட்டில், எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பத்தையே புலம்பெயரும் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். திருப்பீடம் 1983-இல் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம், புலம்பெயர்ந்த தொழிலாளருக்குத் தம் குடும்பத்தோடு இயன்ற விரைவில் ஒன்றுசேரும் உரிமை உண்டு என்கிறது. திருச்சபைச் சட்டம் 1151, தகுந்த காரணம் இருந்தாலொழிய, சேர்ந்து வாழ்வது கணவன் மனைவியின் கடமையும் உரிமையும் என்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 1990-இல் ஏற்றுக்கொண்ட புலம்பெயர்ந்த தொழிலாளர் உடன்படிக்கையும் குடும்ப ஒற்றுமையைக் காக்கச் சொல்கிறது. ஆனால் அதை வளைகுடா நாடுகளோ, இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா போன்றவையோ ஏற்று உறுதிசெய்யவில்லை. தன் மக்களை இவ்வளவு பேரை வெளியே அனுப்பும் நம் இந்தியாவும் செய்யவில்லை. இலங்கை 1996-இலேயே ஏற்றுக்கொண்டது.

யோசேப்பின் வரலாற்றில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு நிகழ்வு உண்டு. அடிமையாக எகிப்துக்கு வந்த யோசேப்பின் அறிவாலும் உழைப்பாலும் அந்நாடு பஞ்சத்திலிருந்து தப்பியது. அவருடைய சகோதரர்கள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பார்வோன் என்ன செய்தான்? தந்தை யாக்கோபையும் சகோதரர்களின் மனைவியரையும் குழந்தைகளையும் ஏற்றிவர எகிப்திலிருந்தே வண்டிகளைக் கொண்டுபோகச் சொன்னான் (தொநூ 45:17-20). உண்மைக் கடவுளை அறியாத ஓர் அரசன் அவன். ஆனாலும், தன் நாட்டைக் காப்பாற்றியவனுக்குக் குடும்பம் ஒன்று உண்டு என்பதை அறிந்திருந்தான்.

இன்றோ, தங்கள் முதிய பெற்றோரைக் குளிப்பாட்டவும் உணவூட்டவும் ஒரு பெண்ணை ஏழு கடல் தாண்டி அழைக்கிறார்கள். அதே பெண்ணிடம், உன் கைக்குழந்தையை விட்டுவிட்டு வா என்கிறார்கள். நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டிய முரண்பாடு இது. பராமரிப்பு என்பது அங்கே விலைகொடுத்து வாங்கும் பொருளாகவும், இங்கே இழந்துவிட்ட ஒன்றாகவும் ஆகிவிடுகிறது. அவளுடைய குழந்தை பாட்டியின் மடியில் வளர்கிறது. அம்மா கைப்பேசித் திரையில் வருகிறாள்.

கையெழுத்திடுவதற்கு முன்

உலக அரசுகளின் சட்டத்தை நாம் உடனே மாற்ற முடியாது. ஆனால் நம் குடும்பங்கள் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்க முடியும். வெளிநாட்டு வேலையைப் பற்றி யோசிப்பவர்களும், வெளிநாட்டு வரனைப் பார்க்கும் பெற்றோரும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, இந்த விசாவின் சரியான பெயர் என்ன, இதில் துணைவர் வர அனுமதி உண்டா? "பேமிலி விசா வாங்கித் தருகிறோம்" என்று ஏஜென்ட் வாயால் சொல்வது பதில் ஆகாது. அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே பார்க்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால், போன ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு போனார் என்பதும் ஆதாரம் ஆகாது.

இரண்டாவது, துணைவர் அங்கே வேலை செய்யலாமா? ஒருவர் சம்பளத்தில் வாடகையும் உணவும் கடனும் தாங்குமா?

மூன்றாவது, சேர்ந்து வாழ எவ்வளவு செலவாகும், யார் கொடுப்பது? விசாக் கட்டணம், காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது என்று தெரிந்தால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நான்காவது, சேர்ந்து போக முடியாது என்றால், பிரிவு எத்தனை காலம்? விடுப்பு ஆண்டுக்கு ஒருமுறையா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையா? பயணச் சீட்டு யார் செலவு? ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா? எந்தக் கடன் அடைந்ததும் திரும்பி வருவது என்று இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்களா? முடிவு தெரியாத பிரிவே குடும்பத்தை அரிக்கிறது.

மனைவியின் நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டுமுன், அந்த ஏஜென்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். இங்கிலாந்தில் மட்டும் 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்கள் வெளிநாட்டினரை அழைக்கும் உரிமத்தை இழந்தன. அவற்றோடு தொடர்புடைய பணியாளர்கள் 39,000-க்கும் மேல் என்று அந்நாட்டு அரசே அறிவித்தது. லட்சக்கணக்கில் செலவழித்துச் சென்றவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதுபோலவே, துணைவரை விசிட் விசாவில் அழைத்து அங்கேயே வேலைக்கு அமர்த்திவிடலாம் என்ற ஆலோசனையையும் நம்ப வேண்டாம். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் வரும். மீண்டும் அந்த நாட்டுக்குள் நுழையத் தடையும் வரலாம். அப்போது இருந்த வாய்ப்பும் போய்விடும்.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர், பாஸ்போர்ட்டில் மற்றொரு எழுத்துக்கூட்டல் என்பது நம்மிடையே சாதாரணம். அந்தோணி, தெரேசா போன்ற பெயர்களில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் விசா மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். ஆகவே ஓலை எழுத வரும்போதே பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோவிலில் திருமணம் முடிந்ததோடு நிற்காமல், அரசின் திருமணப் பதிவுச் சான்றிதழையும் உடனே பெற்றுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். வெளிநாட்டில் அதைக் காட்ட, பல நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம் போன்றவற்றுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் தேவை. விடுப்பு முடியுமுன் இதைச் செய்யாமல் விமானம் ஏறியவர்கள், பின்பு ஒரு முத்திரைக்காக ஓராண்டு காத்திருக்க நேரிடுகிறது.

பங்குச் சமூகத்தின் கடமை

இவ்வளவும் கேட்ட பிறகு, வேறு வழியின்றிப் பிரிந்து வாழ்பவர்களை நாம் குறை சொல்லலாமா? கூடாது. கூரை வீட்டை ஓட்டு வீடாக்கவும், தங்கையைக் கட்டிக்கொடுக்கவும், பிள்ளையைப் படிக்கவைக்கவும் தம் இளமையை அந்நிய மண்ணில் செலவிடுபவர்கள் அவர்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கோபுரங்களும் கெபிகளும் நம் ஊர்களில் எத்தனை! அந்தக் காணிக்கையைப் பெற்றுக்கொள்ளும் பங்கு, அவர்கள் விட்டுச்சென்ற குடும்பத்தின் மேல் அக்கறை கொள்ளாதிருந்தால் அது நியாயம் ஆகாது.

திருமண ஆயத்த வகுப்புகளில் இறையியலோடு இதையும் பேச வேண்டும். "திருமணத்துக்குப் பின் எங்கே, எப்போதிலிருந்து சேர்ந்து வாழப்போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அன்பியக் கூட்டங்களில், கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்களையும், மனைவி வெளிநாட்டில் இருக்கும் ஆண்களையும் தனிமைப்படுத்தாமல் அரவணைக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண் யாரோடு பேசினாள், எங்கே போனாள் என்று கணக்கெடுக்கும் ஊர்க் கண்கள் விசா விதிகளைவிடக் கொடியவை. அவளுக்கு வேண்டியது காவல் அல்ல, துணை. மருத்துவமனைக்கு உடன் செல்ல ஓர் ஆள், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கு வர ஒரு பெரியப்பா, மனச்சோர்வைப் பகிர ஒரு தோழி.

மனைவி செவிலியராகச் செல்ல, அவரைச் சார்ந்து பின்னால் செல்லும் கணவர்களையும் நாம் கேலி செய்யாதிருப்போம். "பெண்டாட்டி விசாவில் போனவன்" என்று பேசும் நாக்கு, சேர்ந்து வாழ்வதற்காகத் தம் வேலையையும் கௌரவத்தையும் விட்டுக்கொடுத்த ஒருவரின் அன்பைப் புரிந்துகொள்ளவில்லை. உரோமையிலிருந்து யூதர்களைப் பேரரசர் கிளாதியு வெளியேற்றியபோது, அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் சேர்ந்தே கொரிந்துக்குச் சென்றார்கள். சேர்ந்தே கூடாரம் செய்தார்கள். பவுலுக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள் (திப 18:1-3). அந்நிய ஊரில் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதியின் வீட்டிலிருந்து நற்செய்தி பரவியது. துணைவரோடு சேர்ந்துவிட்டவர்களும் இதை நினைவில் கொள்ளட்டும். துபாய் புனித மரியன்னை ஆலயத்திலும், சிங்கப்பூர் லூர்து அன்னை ஆலயத்திலும் தமிழில் திருப்பலி நடைபெறுகிறது. தனியறைகளில் ஞாயிறைக் கழிக்கும் தொழிலாளர்களை அங்கே தேடிப் பிடித்து, மாதம் ஒருமுறையாவது உங்கள் வீட்டில் ஒருவேளை சோறு போடுங்கள்.

அன்பார்ந்தவர்களே, சம்பளத்தைக் கணக்கிடும்போது பிரிவையும் கணக்கில் சேர்ப்போம். எத்தனை திர்ஹாம், எத்தனை பவுண்டு என்று கேட்கும் அதே மூச்சில், எத்தனை மாதம் சேர்ந்திருப்போம் என்றும் கேட்போம். சில நேரங்களில் அந்தக் கணக்கு, குறைந்த சம்பளத்தில் உள்ளூரில் இருப்பதே நல்லது என்று காட்டலாம். சில நேரங்களில், இன்னும் ஓராண்டு படித்துத் தேர்ச்சி பெற்று, குடும்பத்தோடு போகக்கூடிய விசாவுக்குக் காத்திருக்கச் சொல்லலாம். வேறு சில நேரங்களில், பிரிவை ஏற்றுக்கொண்டு அதற்கு ஒரு முடிவுநாளைக் குறிக்கச் சொல்லலாம். எதுவாயினும், இருவரும் உண்மை தெரிந்து சேர்ந்து எடுத்த முடிவாக அது இருக்கட்டும்.

குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குச் சென்ற புனித சூசையப்பர், எல்லைகளால் பிரிக்கப்பட்ட நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக! தனியறைகளில் உறங்கும் கணவர்களையும், பாதிக் கட்டில் காலியாக இருக்கும் மனைவியரையும், தாய் தந்தையின் வரவை எண்ணி நாள்காட்டியைக் கிழிக்கும் பிள்ளைகளையும் ஆண்டவர் ஒன்று சேர்ப்பாராக! ஆமென்.